பொறுமை மரத்தில் ஒரு பொறாமை

சின்னப் பசங்களுக்குப் பொறுமை சொல்லிக்கொடுக்க என்னை விட்டா இந்த மயிலாப்பூர்ல வேற ஆளே கிடைக்கலையா? வைதேகி மேடம் அந்தச் சர்க்குலரை நீட்டினப்போ எனக்கு வாய் வரைக்கும் வந்துடுச்சு. முழுங்கிட்டேன். என்னோட நிரந்தர ஆர்டர் அவங்க டேபிள் மேல, பேப்பர் வெயிட்டுக்குக் கீழ படுத்துக்கிட்டிருந்தது, அதான்.

நான் ஜெயபாரதி. ரெண்டாம் வகுப்பு பி செக்‌ஷன் டீச்சர். சேர்ந்ததுலேர்ந்து டெம்பரரிதான். வருஷா வருஷம் என் ஃபைல் ஸ்கூலை நடத்தற கரஸ்பாண்டன்ட் கிட்டப் போகும், போன வேகத்துல திரும்பி வந்துடும். ஹெட்மிஸ்ட்ரஸ்ங்கற முறையில வைதேகி மேடம் அதுல ஒரே ஒரு வரி எழுதுவாங்க. 'பாடம் நன்றாக நடத்துகிறார், பொறுமை போதாது.' எனக்காங்க பொறுமை போதாது? ஒருத்தன் ரப்பரை மூக்குக்குள்ள விட்டுக்கிட்டு நிக்கறான். ஒருத்தி விக்கி விக்கி அழறா, அவளோட பெஸ்ட் ஃப்ரெண்டு இன்னொருத்தியோட பாத்ரூம் போயிட்டாளாம். இதுக்கு நடுவுல ஒரு டீச்சர் சத்தம் போடாம உட்கார்ந்திருந்தா, அவளைக் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்.

இந்த வருஷம் மேடம் அடையாறுல ஏதோ ட்ரெயினிங் போயிட்டு வந்தாங்க. அப்போ பிடிச்சது சனி. வாரத்துக்கு ஒரு நல்ல குணம், அதைப் பத்திக் குழந்தைங்க சொந்தமா எழுதணும், படம் போடணும், சுவத்துல ஒட்டணும். நன்றி வாரத்துல எல்லாரும் வாட்ச்மேனுக்கே நன்றி கார்டு எழுதிக் குடுத்து, அந்த மனுஷன் தன்னை வேலையை விட்டு அனுப்பறாங்கன்னு நினைச்சு ஆபீஸ் ரூம்ல போய் நின்னுட்டாரு. பகிர்தல் வாரத்துல ஹரி தன்னோட மெட்ராஸ் ஐயைப் பாதி கிளாசுக்குப் பகிர்ந்துட்டான்.

மூணாவது வாரம் பொறுமை. அந்த வெள்ளிக்கிழமைதான் கரஸ்பாண்டன்ட் வெள்ளைத்துரை சார் என் கிளாசைப் பார்க்க வர்றதா ஏற்பாடு. தி.நகர்ல புடவைக் கடை வெச்சிருக்கறவர், திருநெல்வேலிப் பக்கம். அவர் தலையை ஆட்டினா நான் நிரந்தரம். ஆட்டலைன்னா, அடுத்த ஜூன்லேர்ந்து அந்த இடத்துக்கு வேற ஆளை எடுத்துக்கறதா முடிவாயிடுச்சுன்னு மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னாங்க.

"இன்னொண்ணு ஜெயபாரதி. குழந்தைகள் எழுதறதை நீங்க திருத்தப்படாது. ஒரு எழுத்துகூட. அவா மனசுல இருக்கறது அப்படியே பேப்பர்ல வரணும். ஸ்பெல்லிங்லாம் போகப்போகத் தானா வந்துடும்."

தானா எங்கேர்ந்து வரும், மந்தவெளியில பஸ் ஏறியா? கேக்கலை. அதையும் முழுங்கிட்டேன். அந்த வாரம் நான் முழுங்கினதுல பாதி என் வயித்துக்குள்ளயே இருக்கு.

சரின்னு சார்ட்டுல பெரிய மரம் ஒண்ணு வரைஞ்சேன். 'பொறுமை மரம்'னு தலைப்பு. பச்சைக் காகிதத்துல ஆளுக்கு ஒரு இலை வெட்டிக் குடுத்து, "நீங்க பொறுமையா இருந்த நேரத்தைப் பத்தி எழுதுங்க"ன்னேன். முன் பெஞ்சுல உட்கார்ற நாஸியா எழுந்து வந்தா. வாயே திறக்காத பொண்ணு. அவ கேள்வி கேட்டதே அதிசயம்.

"மிஸ், பொறுமையா இல்லைன்னா என்ன எழுதறது?"

அந்த நேரம் பார்த்து ஹரி பெஞ்சு மேல ஏறி நின்னு மரம் மாதிரி ஆடிக்கிட்டிருந்தான். "மனசுல என்ன இருக்கோ அதை எழுது, போ!"ன்னு அவளை அனுப்பிட்டு நான் மரத்தை இறக்கப் போயிட்டேன்.

இலையெல்லாம் வாங்கி ஒட்டிட்டு, பசங்க வீட்டுக்குப் போனப்புறம் ஆற அமரப் படிக்க ஆரம்பிச்சேன். எனக்குத் தலை சுத்திடுச்சு.

'ஹோட்டலில் பூரி வரும் வரை நான் பொறாமையாக இருந்தேன்.' இது ஹரி. 'மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் ஆட்டோவில் பொறாமையாக உட்கார்ந்திருந்தோம்.' இது தீபிகா. 'கோயில் வரிசையில் என் அப்பா ரொம்பப் பொறாமையாக நின்றார்.' எவ பெத்த பிள்ளையோ, அப்பா மானத்தை வாங்கியிருந்தது. மரம் முழுக்க ஒரே பொறாமை!

எப்படி நடந்ததுன்னு உடனே புரிஞ்சுது. எங்க கிளாஸ்ல சிந்துன்னு ஒருத்தி. முத்து முத்தா எழுதுவா. தலைப்பு சார்ட்டுல அத்தனை பெரிசா இருக்க, அதைப் பார்க்காம எல்லாம் சிந்துவைப் பார்த்து எழுதும். அவ 'று' போடவேண்டிய இடத்துல 'றா' போட்டிருக்கா. ஒரே ஒரு துணைக்கால் கூடிப்போய், கிளாஸ் மொத்தத்துக்கும் குணம் கெட்டுப்போச்சு.

விடிஞ்சா கரஸ்பாண்டன்ட். திருத்தக் கூடாதாம். திருத்தலைன்னா என்ன நடக்கும்? பொறுமை போதாத டீச்சர் பிள்ளைங்களுக்குப் பொறாமையைச் சொல்லிக்குடுத்திருக்கான்னு அவர் ஒரு பார்வை பார்ப்பாரு. முடிஞ்சது கதை.

என் கைப்பையில பூ ஸ்டிக்கர் ஒரு அட்டை இருந்தது. பச்சை ஸ்கெட்ச் பேனாவால 'ற'வோட வாலை இழுத்து 'று' ஆக்கினேன். பக்கத்துல இருந்த கால் மேல ஒரு பூ ஸ்டிக்கர். அவ்வளவுதான்! பார்க்கறதுக்கு ஜோடனை மாதிரிதான் இருந்தது. ஒரு இலைக்கு அப்புறம் இன்னொரு இலைன்னு எந்திரம் மாதிரிப் போட்டுக்கிட்டே போனேன். எந்த இலையில என்ன எழுதியிருக்குன்னு அதுக்கப்புறம் படிக்கக்கூட இல்லை. 'பொறாமை' கண்ணுல பட்டதா, ஒட்டு பூவை.

பெருக்க வந்த ஆயா ஜானகி வாசல்லயே நின்னுட்டா. "இன்னா டீச்சர், இந்நேரத்துல மரத்துக்குப் பூ வெச்சிகினு கீறே? கல்யாணமா அதுக்கு?"

"ஆமா, எனக்கும் வேலைக்கும்"னேன். அவளுக்குப் புரியலை. தலையில அடிச்சுக்கிட்டுப் பெருக்க ஆரம்பிச்சுட்டா.

வெள்ளிக்கிழமை காலையில வெள்ளைத்துரை சார் வந்தாரு. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, நல்ல உயரம். கூடவே மேடம், பட்டுப்புடவையில. பிள்ளைங்க எழுந்து "காலை வணக்கம்" பாடி முடிச்சதும் மேடம் நேரா மரத்துக்கிட்டப் போனாங்க. அவங்க முகத்துல அத்தனை பெருமை.

"பாருங்கோ சார், ஒரு எழுத்துகூட நாங்க தொடலை. குழந்தைகள் தானா எழுதினது. எத்தனை சுத்தமா எழுதியிருக்கா பாருங்கோ. இந்தப் புது முறையோட பலன்."

நான் சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

மேடம் ஒரு இலையைத் தேர்ந்தெடுத்து ராகம் போட்டுப் படிச்சாங்க. "'எங்கள் வீட்டுக்குத் தம்பி வந்தான். எல்லாரும் அவனையே தூக்கினார்கள். என்னை யாரும் தூக்கவில்லை. எனக்குப் பொறுமை.' யாரு எழுதினது? நாஸியா! சார், இந்த வயசுல இந்தப் பக்குவம் பாருங்கோ!"

வெள்ளைத்துரை சார் உருகிப்போயிட்டாரு. "அடேயப்பா! எனக்கும் ஒரு தம்பி இருக்கான். இந்தப் பக்குவம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வரலியே. அந்தப் பிள்ளையக் கூப்பிடுங்க."

நாஸியா வந்தா. மேடம் 'பொறுமைச் செல்வி'ன்னு ஜிகினா ஒட்டின பேட்ஜை அவ சட்டையில குத்தினாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நாஸியா கையையும் தட்டலை, சிரிக்கவும் இல்லை. இலையையே பார்த்தா.

"நான் இதை எழுதலை."

"நீதானே கண்ணா எழுதினே? உன் பேர் போட்டிருக்கே."

"எனக்குப் பொறுமை இல்லை. பொறாமை."

மேடம் சிரிச்சுக்கிட்டே சார் பக்கம் திரும்பினாங்க. "ரெண்டு வார்த்தையும் குழந்தைகளுக்குக் குழம்பிடறது சார்."

"குழம்பலை"ன்னா நாஸியா. "தம்பி ஜைத் வந்தப்புறம் எங்க உம்மா என்னை மடியில வெச்சுக்கறதே இல்லை. எனக்குப் பொறாமை. மிஸ் மனசுல இருக்கறதை எழுதச் சொன்னாங்க. நான் எழுதினேன்." அப்படியே எக்கி, அந்தப் பூ ஸ்டிக்கரை நகத்தால சுரண்டிப் பிச்சு எடுத்தா. அடியில என் மானம் ஒத்தைக்கால்ல நின்னுது.

ஐயோ! மத்தவங்க எல்லாம் பொறுமைன்னு நினைச்சுப் பொறாமைன்னு எழுதினாங்க. இவ ஒருத்தி பொறாமைன்னு நினைச்சுப் பொறாமைன்னே எழுதியிருக்கா. கிளாஸ்லயே சரியா எழுதின ஒரே பிள்ளையை நான் திருத்தியிருக்கேன்.

"யாரோ ஸ்டிக்கர் ஒட்டி விளையாடியிருக்கா"ன்னு மேடம் அவசரமாச் சொன்னாங்க. எனக்குக் கதவு திறந்துவிட்ட மாதிரிதான். பேசாம இருந்தா போதும். நான் பேசாமதான் இருந்தேன். நாஸியா என்னைப் பார்த்தா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது, கீழ விழலை. அந்த வாயில்லாப் பூச்சி முதல் தடவையா வாயைத் திறந்து மனசுல இருக்கறதைச் சொல்லுது, நான் அதுமேல பூ ஒட்டி, அவளையே பொய் சொல்றவளா நிக்க வெச்சிருக்கேன். எனக்குப் பத்திக்கிட்டு வந்துது, என் மேலயே.

"நான்தான் சார் ஒட்டினேன். எல்லா இலையிலயும் நான்தான் திருத்தினேன். நீங்க வர்றீங்களேன்னு பயந்துட்டு. இந்தப் பொண்ணு எழுதினது சரி. நான் திருத்தினதுதான் தப்பு."

"ஜெயபாரதி!"ன்னாங்க மேடம். பட்டுப்புடவையே சுருங்கிப்போச்சு.

வெள்ளைத்துரை சார் என்னை ஏற இறங்கப் பார்த்தாரு. "சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா."

"தெரிஞ்சிருக்காது சார்."

"வேலை வேண்டாமா?"

"ரொம்ப வேணும் சார்! ராத்திரி தூக்கமே வரலை. அதுக்காக இவ அழுதுட்டு நிக்கணுமா?" என் குரல் ஏறிடுச்சு. நிரந்தரம் கேக்க நிக்கறவ பேசற குரலா அது!

அவர் பிள்ளைங்க பக்கம் திரும்பினாரு. "உங்க டீச்சர் கோவப்படுவாங்களா?"

"ஆமாம் சார்!" இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தப்பகூட அத்தனை சேர்ந்து வரலை அந்தக் குரல்.

"எப்படிக் கத்துவாங்க?"

கேக்கணுமா? ஆளாளுக்கு என்னை மாதிரிக் கத்திக் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க. "காதுல என்ன பஞ்சா வெச்சிருக்கே!"ன்னு தீபிகா இடுப்புல கை வெச்சுக்கிட்டு. ஹரி பெஞ்சு மேல ஏறி, ஸ்கேலை ஆட்டி, "இது கிளாஸா, கோயம்பேடு மார்க்கெட்டா!" பின் பெஞ்சு முழுக்க எழுந்து நின்னாச்சு. சார் சிரிக்கறாரு, மேடம் "சைலன்ஸ், சைலன்ஸ்"னு கெஞ்சறாங்க, ஒருத்தரும் கேக்கலை. எனக்கு அந்தக் குரல் எங்கேர்ந்துதான் வந்துதோ.

"உட்காருங்க எல்லாரும்!"

உட்கார்ந்தாங்க. பார்த்தா, வெள்ளைத்துரை சாரும் உட்கார்ந்திருக்காரு. முன் பெஞ்சுல, நாஸியா இடத்துக்குப் பக்கத்துல, முட்டி ரெண்டும் தாடையைத் தொடற மாதிரி. மேடம்கூட என் நாற்காலியில பாதி உட்கார்ந்துட்டாங்க. போச்சு, எல்லாம் போச்சுன்னு நினைச்சேன்.

சார் எழுந்திருக்கலை. நாஸியாவைக் கிட்டக் கூப்பிட்டு உட்கார வெச்சு, கடையில விலை கேக்கற மாதிரி மெதுவாக் கேட்டாரு. "ஏம்மா, உன் இலையைக் கெடுத்தது இவங்கதான். கத்தவும் கத்துதாங்க. நல்ல பொறுமையான டீச்சரா வேற ஒருத்தரை உங்களுக்குக் கூட்டியாரவா? நீயே சொல்லு."

என் வேலை அந்தப் பிள்ளை வாயில இருந்தது. அதுவும் நான் கெடுத்துவெச்ச பிள்ளை வாயில. அவ யோசிச்சா. பேட்ஜைக் கழட்டி டெஸ்க் மேல வெச்சா. மூக்கை உறிஞ்சினா.

"வேணாம் சார்."

"ஏன்?"

"வேற மிஸ் வந்தா எங்க தம்பி விஷயத்தை அவங்களுக்கு முதல்லேர்ந்து சொல்லணும். இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

வெள்ளைத்துரை சார் மேடம் பக்கம் திரும்பினாரு. "மேடம், அந்த ஆர்டரை இங்கயே கொண்டு வரச் சொல்லுங்க, என்னால இந்தப் பெஞ்சுலேர்ந்து எழுந்திருக்க முடியல"ன்னாரு. நான் பெஞ்சு ஓரத்துல உட்கார்ந்து நாஸியாவைத் தூக்கி என் மடியில வெச்சுக்கிட்டேன். கனமான பொண்ணு. ஆர்டர் வர்ற வரைக்கும் இறக்கலை.