கொட்டகைக் கதவுக்கு ஒரு கைப்பிடி

1.

இந்தக் கதை ஒரு கொட்டகைக் கதவில் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில், டார்லிங் ஆற்றங்கரையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், உடம்பிலிருந்து எடுத்த தன் பழைய செயற்கை இடுப்பு மூட்டைக் கதவுக்குக் கைப்பிடியாகத் திருகி வைத்திருந்தார். எடுத்த உலோகத்தை ஆசுபத்திரியில் கேட்டு வாங்கி வருவது இங்கே பலருக்கும் வழக்கம். வேடிக்கைக் கதை ஒன்று எழுதலாமென்று உட்கார்ந்தேன். எழுத எழுத வயிற்றெரிச்சல்தான் மிஞ்சியது.

முதல் வரைவின் முதல் வரி: 'ரேலீன் டகனுக்கு எதையும் பெரிதுபடுத்திச் சொல்லும் பழக்கம் உண்டு.'

(அடிக்காமல் விட்டிருக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.)

2.

ரேலீன் ஆட்டுக்கம்பளி கத்தரிக்கும் ஆட்களுக்குச் சமைப்பவள். ஐம்பத்தெட்டு வயது. செயற்கை இடுப்பு வைத்த நாலாம் மாதம் தொடங்கிய வலி இரண்டு வருடமாக விடவில்லை. மூட்டுக்குள் ஊசி போட்டு மூன்று முறை நீர் எடுத்தார்கள். மூன்று முறையும் 'கிருமி வளரவில்லை' என்று தாள் வந்தது. காய்ச்சலும் இல்லை, சீழும் இல்லை. டாக்டர் ஆஷ்கிராஃப்ட் தாளைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"வலி நெசந்தான், நான் இல்லங்கல. ஆனா அது இடுப்புல இல்ல, மனசுல இருக்கு."

"அப்ப ஊன்றுகோலையும் மனசுக்கே குடுத்துரட்டுமா டாக்டர்?" என்று கேட்டுவிட்டு, மனச்சோர்வு மாத்திரைக்கான சீட்டோடு நொண்டிக்கொண்டு வந்தாள்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, கோபத்தில் இங்கேயே வந்துவிட்டது: உலோகத்தில் குடியேறும் கிருமி பெரும்பாலும் நீரில் மிதந்து திரியாது. நாய்க்குத் தண்ணீர் வைக்கும் பாத்திரத்தில் வழவழவென்று ஒன்று படியுமே, அப்படிப் படலம் கட்டி ஒட்டிக்கொள்ளும். ஊசியில் வந்த நீரில் அகப்படாமல் போகலாம். மூட்டையே எடுத்து, மீயொலிக் கருவியில் அதிரவைத்து, உதிர்ந்ததைப் பதினான்கு நாள் வளர்த்துப் பார்க்க வேண்டும். இது டாக்டருக்குத் தெரியாதா? தெரியும். அதுதான் எனக்கு எரிகிறது.)

3.

கடைசியில் மூட்டே தளர்ந்து ஆடியது. எக்ஸ்ரேயை மறுக்க முடியாமல், பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். மயக்கம் கொடுக்கும் முன் ரேலீன் நர்ஸ் கெர்ரியிடம், "அதத் தூக்கிப் போட்டுறாத கண்ணு. எங்க கொட்டகக் கதவுக்குக் கைப்பிடி இல்ல" என்று சொல்லியிருந்தாள்.

கெர்ரி நல்ல பெண். தேய்த்துக் கழுவி, நீராவியில் வேகவைத்து, பளபளவென்று உறையில் போட்டுக் கொடுத்தாள். ஆய்வகத்துக்குப் போனது மூட்டைச் சுற்றியிருந்த சதையில் ஒரு துணுக்கு மட்டும். இரண்டு வருடம் தேடிய சாட்சி சாக்கடையில் போனது.

இந்த இடத்தில் பாதியில் நிறுத்திய வாக்கியம்: 'கைப்பிடிக்கு ஆசைப்பட்டு அவளே தன் தலையில்'

நிறுத்தியது வெட்கத்தால். மூட்டை ஆய்வகத்துக்கு அனுப்பு என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். அதைக்கூடச் சமையல்காரிதான் நினைவுபடுத்த வேண்டுமா? என் முதல் வரியையும், 'வலி மனசில்' என்று அவர் எழுதிய குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கை எழுதியதுபோல இருந்தன. அவளைப் படைத்த நானே அவளை நம்பவில்லை. அதற்குச் சாட்சியாகத்தான் அந்த வரியை அடிக்காமல் விட்டேன்.

4.

ஆய்வகத்தில் வேலை பார்க்கும் லெசியேலி பசிபிக் தீவான டோங்காவிலிருந்து வந்தவள். தளர்ந்த மூட்டு என்று சீட்டில் இருக்கிறதே, மூட்டு எங்கே என்று அறுவை அரங்குக்கே இறங்கி வந்து கேட்டாள். கெர்ரிக்கு முகம் செத்துவிட்டது. கிண்ணம்போன்ற பிளாஸ்டிக் பகுதி மட்டும் கழுவப்படாமல் ஒரு மூடிய டப்பாவில் கிடந்தது.

(வசதியான திருப்பம் என்று முகம் சுளிக்காதீர்கள். கைப்பிடிக்கு ஆகாததை யார் மெனக்கெட்டுக் கழுவுவார்கள்?)

லெசியேலி அதை அதிரவைத்து, உதிர்ந்ததைத் தட்டுகளில் ஊற்றிச் சூட்டுப் பெட்டியில் வைத்தாள். ஐந்தாம் நாள் தட்டுகளைக் கொட்டிவிடுவது அந்த ஆய்வக வழக்கம். மேலதிகாரி கொட்டச் சொன்னார். அவள் மூடியில் ஒட்டுத்தாள் ஒட்டினாள்: 'பதினாலு நாள். தொடறவன் என்கிட்ட பேசிட்டுத் தொடு.' அப்புறம் வார்டுக்குப் போய் ரேலீனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"வளரும்னு சத்தியம் பண்ண முடியாதுக்கா. ஆனா நீங்க சொல்றத நான் நம்புறேன்."

ரேலீன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "இத ரெண்டு வருஷம் முன்னாடி யாராவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.

5.

முடிவு ஒன்று: பதினோராம் நாள் தட்டில் வெள்ளைப் புள்ளிகள். டாக்டர்

முடிவு இரண்டு: எதுவும் வளரவில்லை. ஒரு வருடத்தில் புது மூட்டும்

இரண்டையும் முழுதாக எழுதி வைத்திருக்கிறேன், தரமாட்டேன். முதலாவதைத் தந்தால் நீங்கள் தாளைத்தான் நம்புவீர்கள், அவளை நம்பமாட்டீர்கள். அந்தக் காரியத்தைச் செய்ய ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்.

இன்று ஆறாம் நாள். சதைத் துணுக்கின் தாள் வந்துவிட்டது: கிருமி வளரவில்லை. அதை வைத்து, அறுவைக்குப் பிறகு கொடுத்துவரும் கிருமிக்கொல்லி மருந்தை இன்றோடு நிறுத்தலாம் என்கிறார் டாக்டர். நிறுத்தினால், கிருமி இருக்கும் பட்சத்தில், புது மூட்டிலும் படலம் கட்டிவிடும். லெசியேலியின் தட்டுகளுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது.

டாக்டரின் நாற்காலியில் உங்களை உட்கார வைத்துவிட்டு நான் எழுந்து போகிறேன். மருந்துச் சீட்டும் பேனாவும் மேசையில் இருக்கின்றன. எதிரே ரேலீன்.

"இன்னும் வலிக்குது" என்கிறாள்.