எழுத வேண்டிய குறிப்பு

'உங்கள் வீட்டுக்கு வந்தோம். நீங்கள் இல்லை' என்று பார்சல் கம்பெனி பரந்தாமனுக்கு மூன்றாவது முறையாகச் செய்தி அனுப்பியது. பச்சைப் பொய். அவர் வேலைக்குப் போயிருந்தாலும் அவர் மனைவி அனுசுயா காலையிலிருந்து வாசலிலேயே நின்று பெயின்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டது இளம் மஞ்சள், அடித்தது மாம்பழ மஞ்சள். அந்தச் சண்டை மேனாம்பேடு ஊர் முழுக்கக் கேட்டது. பார்சல் கம்பெனியின் காதில் மட்டும் விழவில்லை போலிருக்கிறது.

பரந்தாமன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளர். கேட்டிலேயே செல்போனைப் பிடுங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால்தான் உலகம் தன்னை எத்தனை முறை தேடிவிட்டுக் கைவிட்டது என்று அவருக்குத் தெரியும். அன்றும் கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, போனில் பார்சல் கம்பெனியின் உதவிப் பகுதியைத் திறந்தார். தீபிகா என்று ஒருத்தி வந்தாள்.

'வணக்கம். உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது' என்றாள் தீபிகா.

அவர் இன்னும் சிரமத்தையே சொல்லவில்லை. சொன்னார். அதற்கும் புரிகிறது என்றாள். பிறகு கொஞ்சம் கெட்ட வார்த்தை சேர்த்துச் சொன்னார். அதற்கும் புரிகிறது என்று சொல்லி, தன் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டாள். தீபிகா ஒரு மிஷின் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோபமே வராத ஒன்றிடம் சண்டை போட்டு நாக்கு வறண்டதுதான் மிச்சம்.

அப்படி என்ன பெரிய பார்சல் என்று கேட்கலாம். அது ஒரு பெயர்ப்பலகை. கறுப்புப் பளபளப்பில் பொன் எழுத்து: கே. பரந்தாமன். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கிரகப்பிரவேசம். அதற்குள் பலகை வாசலில் ஏறியாக வேண்டும். வீடு முடியாவிட்டாலும் பரவாயில்லை, பலகை ஏற வேண்டும் என்பது அவர் கணக்கு. ஏனென்றால் அந்தத் தெருவில் அவரை யாரும் பரந்தாமன் என்று கூப்பிட்டதில்லை. உப்புமா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அத்தை கல்யாணத்தில் ஓடிப்பிடித்து விளையாடியவர், பந்திக்காக ஆறவைத்திருந்த உப்புமா அண்டாவுக்குள் பின்பக்கமாக விழுந்து, சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். உப்புமா ஆறியிருந்ததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. உப்புமாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சமையல்காரர் முடிவு செய்து, மேலாக வழித்தெறிந்துவிட்டு மீதியைப் பந்திக்கு அனுப்பினார். சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தது என்றே சொன்னார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் முடிந்திருக்கும், கூட ஓடிவந்த துலுக்கானம் பார்க்காமல் இருந்திருந்தால்.

அன்றிலிருந்து அவர் உப்புமா. அனுசுயா கல்யாணமாகி வந்த மறுநாளே உப்புமா பொண்டாட்டி ஆனாள். அவள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். மகள் தேவிப்பிரியா பிறந்ததும் உப்புமா பொண்ணு. கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிற பெண்ணை, பால் வாங்கப் போன இடத்தில் அப்படிக் கூப்பிட்டால் பெற்றவன் வயிறு எரியுமா, எரியாதா? இப்போது அவளுக்குக் கரையான்சாவடியில் மாப்பிள்ளை பார்த்து நிச்சயமும் ஆகிவிட்டது. மாப்பிள்ளை கிஷோர் தங்கமான பையன். சம்பந்தி சரவணக்குமார் எலெக்ட்ரிகல் கடை முதலாளி. சட்டையின் மேல்பட்டனைக்கூடப் போட்டுக்கொள்கிற ஆள். அவர்கள் இந்தத் தெருப்பக்கம் வந்துவிடக் கூடாது என்றே பரந்தாமன் நிச்சயதார்த்தத்தைப் பூந்தமல்லியில் மண்டபம் பிடித்து நடத்தினார். கிரகப்பிரவேசத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. வீட்டைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போக வழியில்லை. நாளைக்கு கிஷோரை உப்புமா மருமகன் என்பார்கள், பிறகு பேரனையும் விடமாட்டார்கள்.

தீபிகாவை விட்டுவிட்டு, செய்தியில் இருந்த நம்பரைக் கூப்பிட்டார். பானுப்பிரியா என்ற பெண் எடுத்தாள். ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுவருபவள் அவள்தான்.

"நீ வரவே இல்லம்மா. வந்தேன்னு பொய் மெசேஜ் அனுப்பிகினு கீற."

"நானா சார் வரல? தெனம் வந்துகினுதான் கீறேன். மேப்பு உங்க ஊட்ட ஏரிக்குள்ள காட்டுது. எனக்கு நீச்சல் தெரியாது சார். கதவு நம்பர் பாக்கலாம்னா பழைய நம்பர் ஒண்ணு, புது நம்பர் ஒண்ணு, செவுத்துல ரெண்டுமே கிடையாது."

"நம்பரும் அந்தப் பலகைலதாம்மா கீது."

"பலகை என் வண்டிலதானே இருந்துது. நான் இன்னா பண்ணட்டும்? முனைல அயன் கடைக்காரராண்ட பரந்தாமன் ஊடு எதுன்னு கேட்டேன். பொறந்ததுலருந்து இங்கதான் கீறேன், அப்டி யாரும் இந்தத் தெருவுலயே கிடையாதுன்ட்டாரு. பார்சல் ரிட்டன் போய்டுச்சி சார்."

அயன் கடைக்காரன் வேறு யாருமல்ல, துலுக்கானம்தான். பரந்தாமன் பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக அவன் வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"டேய், என் பேரு இன்னா?"

துலுக்கானம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "இன்னா மாமே, உடம்பு சரியில்லையா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்றா."

"உப்புமா."

"எங்கம்மா வெச்ச பேரு."

துலுக்கானம் உண்மையிலேயே யோசித்தான். அதுதான் பரந்தாமனுக்குப் பொறுக்கவில்லை. கிண்டலுக்குச் சொல்லியிருந்தால்கூட நாலு திட்டு திட்டிவிட்டுப் போயிருப்பார். இவனோ கண்ணை மூடி, நெற்றியைத் தேய்த்து, பரீட்சை எழுதுகிறவன் மாதிரி திணறிக்கொண்டிருந்தான்.

"பாண்டுரங்கன்?" என்றான் கடைசியில்.

பரந்தாமன் திரும்பி வீட்டுக்கு நடந்தார். கூடவே ஓடி, கூடவே வளர்ந்து, பரந்தாமனின் அப்பா செத்தபோது பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவன். அவனுக்கே பெயர் தெரியவில்லை என்றால் இந்த ஊரில் பரந்தாமன் என்று ஒருத்தன் இருந்ததற்கே சாட்சி கிடையாது. அவருக்கு அழுகை வந்தது. மாம்பழ மஞ்சள் சுவரைப் பார்த்ததும் அது கோபமாக மாறிவிட்டது.

வேறு வழியில்லாமல் பலகை செய்கிற கடைக்குப் போனிலேயே மறுபடியும் ஆர்டர் போட்டார். அவசரம் என்று ஒரு கட்டம் இருந்தது, அதைத் தட்டினார். பெயர், நம்பர் எல்லாம் முன்பே போட்டது போலவே போட்டார். அதற்குக் கீழே, போன தடவை காலியாக விட்ட ஒரு கட்டம் இருந்தது. 'எழுத வேண்டிய குறிப்பு' என்று அதற்குத் தலைப்பு. இங்கிலீஷில் இருந்ததை மிஷின் தமிழாக்கியிருந்தது. சரி, பார்சல் கொண்டுவருகிற பெண்ணுக்கு நாம் எழுத வேண்டிய குறிப்பு இதுதான் என்று பரந்தாமன் புரிந்துகொண்டார். வேறு எப்படிப் புரிந்துகொள்ள முடியும்?

கட்டத்தைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல்லை அவர் வாழ்நாளில் தன் கையால் எழுதியதில்லை. ஹோட்டலில்கூட அதன் பெயரைச் சொல்லமாட்டார், மெனு அட்டையில் விரல் வைத்து வேறு எதையாவது காட்டுவார். கிரகப்பிரவேசச் சமையலுக்குப் பேசியிருந்த முனியனிடம் முதல் நிபந்தனையே உப்புமா கூடாது என்பதுதான். கிச்சடியும் கூடாது, அது இதற்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் பலகை வந்து சேர வேண்டுமே. பானுப்பிரியாவுக்கு மட்டும்தானே தெரியப்போகிறது, அவள் என்ன ஊரா, உறவா என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: 'உப்புமா வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நன்றி.'

சனிக்கிழமை வர வேண்டியது வரவில்லை. ஞாயிறு விடியற்காலையில் பசுமாடு உள்ளே வந்தது, பால் பொங்கியது, ஐயர் எல்லார் போனையும் வாயடைக்கச் சொன்னார். ஹோமப் புகையில் கண் எரிய உட்கார்ந்திருந்த பரந்தாமனுக்குப் பலகையும் நினைவு, சம்பந்தியும் நினைவு. டிபன் நேரம் வந்துவிட்டது. கரையான்சாவடியிலிருந்து இன்னும் யாரும் வரவில்லை. எழுந்து வந்து போனைப் பார்த்தால் சம்பந்தியின் தவறிய அழைப்புகள் வரிசையாக நின்றன. திருப்பிக் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

"கோச்சிக்கினு திரும்பிட்டாங்களா இன்னா?" என்றாள் அனுசுயா. அவள் முகம் வெளுத்திருந்தது. மாடிப்படியில் பட்டுப்புடவையோடு நின்ற தேவிப்பிரியா தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. ஸ்கூட்டர் ஒன்று முன்னால் வர, பின்னால் ஒரு வேன் மெதுவாக ஊர்ந்து வந்தது. ஸ்கூட்டரில் பானுப்பிரியா. வேனின் முன்சீட்டில் சம்பந்தி சரவணக்குமார், மேல்பட்டன் கழன்று, வியர்த்து.

"உப்புமா ஊடு இதானே?" என்று பானுப்பிரியா தெருவே கேட்கும்படி கேட்டாள்.

"இதான், இதான்" என்று தெருவே பதில் சொன்னது.

பரந்தாமனுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. புதுத்தரை, ஒரு கீறல்கூட விழவில்லை.

சம்பந்தி இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சம்பந்தி, நீங்க அனுப்புன மேப்பு நேரா ஏரிக்கரைல கொண்டாந்து உட்டுச்சி. பரந்தாமன் ஊடுன்னு கேக்காத ஆளு இல்ல. அந்த மாதிரி யாருமே இல்லன்றாங்க. எங்க ஊட்டுக்காரம்மா, இன்னாங்க இது, பொய் அட்ரஸ் குடுத்து ஏமாத்திட்டாங்களான்னு கேட்டுட்டாங்க. வண்டிய திருப்பிட்டோம். நல்லவேளையா முனைல இந்தப் பொண்ணு பார்சல கைல வெச்சிகினு உப்புமா ஊடு எதுன்னு கேட்டுகினு இருந்துச்சி. எட்டிப் பாத்தா பார்சல் மேல ஒட்டுன ஆர்டர் சீட்டுல உங்க பேரு, அதுக்குக் கீழ உப்புமா வீடுன்னு குறிப்பு. அதும் பின்னாடியே வந்துட்டோம்."

பரந்தாமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் துலுக்கானம் பார்சலை வாங்கிப் பிரித்துவிட்டான். கறுப்புப் பளபளப்பு, பொன் எழுத்து. மேலே கே. பரந்தாமன், பக்கத்தில் கதவு நம்பர். அதற்குக் கீழே, அதே பொன்னில், அதே அழகில்: 'உப்புமா வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். நன்றி.'

எழுத வேண்டிய குறிப்பை யார், எதில் எழுத வேண்டும் என்பது பரந்தாமனுக்கு அப்போது விளங்கியது.

துலுக்கானம் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான். யாரும் சிரிக்கவில்லை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது, உள்ளதைத்தானே போட்டிருக்கிறது என்பதுபோல் தெருக்காரர்கள் தலையாட்டினார்கள். துலுக்கானம்தான் முதல் வரிக்குத் திரும்பிப் போய்ப் புருவத்தைச் சுருக்கினான்.

"கீழ எல்லாம் கரெக்டா கீது மாமே. மேல யார்றா அது பரந்தாமன்? மாடிய வாடகைக்கு உட்டுட்டியா?"

தேவிப்பிரியாதான் முதலில் சிரித்தாள். பிறகு கிஷோர். பிறகு யார் யாரோ. பரந்தாமன் சம்பந்தியின் முகத்தைப் பார்க்கப் பயந்து பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சம்பந்தி பலகையை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, முழுவதும் படித்தார். "முன்னாடியே சொல்லியிருந்தா அலைஞ்சிருக்கவே மாட்டோமே" என்றார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "கல்யாணப் பத்திரிகைலயும் அட்ரஸ இப்டியே போட்ருங்க சம்பந்தி. எங்க சொந்தக்காரங்களும் ஏரிக்குள்ள போயிடப் போறாங்க."

பலகை ஏறியது. ட்ரில்லிங் மிஷின் பிடித்தது துலுக்கானம். பரந்தாமன் சாயாமல் பார்த்துக்கொண்டார். பானுப்பிரியாவையும் கையைப் பிடித்து இழுத்து வந்து பந்தியில் உட்காரவைத்தாள் அனுசுயா. இலையில் இட்லி, பொங்கல், வடை, கேசரி எல்லாம் வரிசையாக விழுந்தன. சம்பந்தியம்மா இலையை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தாள், வலமிருந்து இடமாக இன்னொருமுறை பார்த்தாள்.

"உப்புமா ஊடுன்னு போர்டு வெச்சிகினு, எலைல உப்புமாவ காணோமே."

பரந்தாமன் கொல்லைப்பக்கம் போனார். முனியன் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தான்.

"அணைக்காத" என்றார். "ரவை கீதா?"