உறுதிமொழிக்கு நீட்டிய கை

லைன் லீடர் பதவி ஷெர்லினை இரண்டு தடவை தேடி வந்தது. இரண்டு தடவையும் வேண்டாம் என்றாள். ஒரகடத்தில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் அவளைப்போல் ஸ்குரூ முடுக்க ஆள் கிடையாது. ஆனால் லீடர் என்றால் தினமும் நாற்பது பேர் எதிரே நின்று பாதுகாப்பு உறுதிமொழி சொல்ல வேண்டும். வடக்குப்பட்டு வளைவில் ஸ்கூட்டி சறுக்கி முன்பல் நாலும் போன நாளிலிருந்து, இந்த ஐந்து வருடத்தில் அவள் வாயைக் கையால் மூடாமல் பேசியதில்லை. பல் போனால் சொல் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்? கழற்றி மாட்டும் பல்செட்டோ வாயைத் திறந்தாலே ஆட்டம் போட்டது.

மூன்றாவது தடவையும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று வீம்பாகப் பல் டாக்டரிடம் போனாள். தாடை எலும்பில் திருகு பதித்து, எலும்பு அதைக் கெட்டியாகப் பிடிக்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, அதன்மேல் பல் பொருத்தினார்கள். ஊருக்கெல்லாம் திருகு முடுக்கியவளுக்கே திருகு! சில நாள் கழித்து ஒரு கொய்யாப்பழத்தை நறுக்காமல் கடித்தாள். கடித்துவிட்டு அழுதாள்.

மூன்றாவது தடவை பதவி வந்தபோது சரி என்றாள். லீடராக முதல் நாள், காலை ஷிப்ட். சூப்பர்வைசர் திருமலை, "இன்னாம்மா, நீயே சொல்றியா, இல்ல நான் சொல்லிடட்டா?" என்றார்.

"நானே சொல்றேன் சார்."

உறுதிமொழிக்கு வலது கையை முன்னால் நீட்ட வேண்டும். லீடரைப் பார்த்து மற்றவர்களும் நீட்டுவார்கள். ஷெர்லின் கையைத் தூக்கினாள். பாழாய்ப்போன பழக்கம், கை நேரே போய் வாயைப் பொத்திக்கொண்டது.

அரைத்தூக்கத்தில் நின்ற நாற்பது பேரும் அப்படியே வாயைப் பொத்தினார்கள்.

"இன்னாக்கா, புது ரூலா?" என்றாள் முன்வரிசையில் நின்ற மரகதம், பொத்திய கையை எடுக்காமலே.

ஷெர்லினுக்கு உயிரே போய்விட்டது. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். நாற்பது பேர், நாற்பது மூடிய வாய். இத்தனை வருடமாகத் தான் நின்ற கோலம் இதுதானா? சிரிப்பு பீறிட்டுக் கொண்டு வந்தது. கையை எடுத்துவிட்டு, பல்லெல்லாம் தெரிய, வயிறு குலுங்கச் சிரித்தாள். லைனே சேர்ந்து சிரித்தது.

"போதும், எல்லாரும் கைய எடுங்க! நேரா நீட்டுங்க!"

நாற்பது கைகள் நீண்டன. உறுதிமொழியில் முதலில் வருவது அவரவர் பெயர்.

"ஷெர்லின் ஆகிய நான்..."

கடைசி வரிசைவரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.