ரவிசந்திரனின் தலைக்குப் பின்னால் ஒரு மேகம்

பூனாவையொட்டிய தாபோடியில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் செக்ரட்டரியைத் தேர்ந்தெடுக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வருடாந்தரக் கூட்டம் மே மாதம் மொட்டைமாடியில் நடக்கும். செக்ரட்டரி விஷயம் எடுக்கப்படும் நேரத்தில் யார் அங்கே இல்லையோ, அவரே செக்ரட்டரி. சட்டதிட்டத்தில் இப்படி எங்கும் இல்லை. ஆனால் இருப்பவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று கும்பிடுகிறார்கள். இல்லாதவரால் கும்பிட முடியாது. ஆகவே அவர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

ஆபிரகாம் அங்கிள் மாட்டியது இப்படித்தான். தண்ணீர் டேங்கர் வந்திருக்கிறது என்று வாட்ச்மேன் கூப்பிட, கீழே போய்த் திரும்புவதற்குள் மேலே கைதட்டல் கேட்டது. அதன்பிறகு வருடந்தோறும் அதே கதை. செக்ரட்டரி என்பதால் டேங்கர் வந்தால் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் போவார். போனதால் மறுபடியும் செக்ரட்டரி ஆவார்.

இந்த வருடம் அவர் மனைவி மில்ட்ரெட் ஆன்ட்டி ஒரு முடிவுக்கு வந்தார். குன்னூரில் மகள் அலினாவுக்கு ஜூன் கடைசியில் இரண்டாவது பிரசவம். முதல் பேரன் பிறந்தபோது அங்கிள் இங்கே மோட்டார் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைக்குப் பல் முளைத்த பிறகுதான் முகத்தையே பார்த்தார்.

"இந்தத் தடவ ரெண்டு பேரும் சேந்துதான் ரயில் ஏறுதோம். இல்லன்னா நீங்க அந்த டேங்கரையே கெட்டிக்கிட்டு இங்கனயே இருங்க" என்று ஆன்ட்டி சொன்னது எங்கள் தளம் வரை கேட்டது. ஆன்ட்டி இங்கே பக்கத்துத் தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவர். வீட்டுத் தமிழ் மட்டும் பாளையங்கோட்டையில் நிற்கிறது.

அங்கிளைக் காப்பாற்ற வேண்டுமானால் வேறொருவர் இல்லாமல் போக வேண்டும். ஆன்ட்டியின் கண் மூன்றாவது மாடி ரவிசந்திரன் மேல் விழுந்தது.

ரவிசந்திரன் கோயம்புத்தூர்க்காரர். சாகண் தொழிற்பேட்டையில் இன்ஜினியர். போன தீபாவளிக்குக் குடிவந்தவர், வந்த வாரமே எங்கள் வாட்ஸ்அப் குழுவின் வானிலைத் துறையைத் தானாக எடுத்துக்கொண்டார். அவர் சாஸ்திரம் ஒரே வரிதான்: "மேக்க கருக்கோணுமுங்க. மேக்க கருக்காம மழை எப்பிடிங்க வரும்?" அவர் ஊருக்குத் தென்மேற்கு மழை பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் நுழைகிறது. அங்கே அந்த வரி சரி.

பூனாவின் மே மாதம் வேறு மாதிரி. காலையிலிருந்து தரை காய்கிறது. மத்தியானத்துக்கு மேல் அரபிக்கடலின் ஈரக்காற்று லோணாவளா மலைகளை ஏறி இந்தப் பக்கம் வந்துசேர்கிறது. உள்நாட்டிலிருந்து வறண்ட அனல்காற்று எதிரே வருகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஈரக்காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. மேகமாகும்போது வெளிவிடுகிற சூட்டிலேயே இன்னும் உயர ஏறுகிறது. பெரும்பாலும் ஊருக்குக் கிழக்கே இப்படிக் கிளம்பி, மேலடுக்குக் காற்று தள்ள, மேற்கே நகர்ந்து எங்கள் தலையில் கொட்டும். இங்கே நாலு மே மாதம் கழித்தவர்களுக்கு இது தெரியும். ரவிசந்திரனுக்கு இது முதல் மே.

கூட்டத்தன்று காலை அவர் புதுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி பால் பாக்கெட்டோடு நின்றார்.

"தம்பி, இன்னைக்கு மழ பக்கா. காரு கண்ணாடிய எல்லாம் ஏத்தி வச்சிருங்க."

"ஏனுங்க ஆன்ட்டி, பயமுறுத்தறீங்க? மேக்க பாருங்க, தொடச்சு வெச்ச மாதிரி இருக்குது."

"பொறவு என்னையச் சொல்லக்கூடாது, ஆமா."

"நீங்க வேற! புது சீட்டு வாசம் போகோணும்னு நானே சன்ரூஃபையும் தொறந்துதான் வெக்கப்போறேன்" என்று அவர் திறந்தே விட்டார்.

மழை வருமோ என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிடக்கூடாதே என்று ஆன்ட்டி இன்னொன்றும் செய்தார். கோதுமைப் பாலில் பிழிகிற குர்டை, நம் வடகத்துக்கு இந்த ஊர்ச் சித்தி மகள், அதை ஒரு கட்டில் நிறையப் பால்கனியில் காயவைத்தார். ரவிசந்திரன் தம் மனைவி அமலாவிடம் சிரித்தாராம்: "வாய் மழைங்குது, கை குர்டை காயப்போடுது. பாத்தியா?"

ஐந்து மணிக்குக் கூட்டம். வெயில் முகத்தில் அடித்ததால் நாங்கள் எல்லோரும் மேற்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். ரவிசந்திரன் மட்டும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எங்களுக்கு எதிரே மேற்கைப் பார்த்து அமர்ந்தார். "மேகம் கீகம் வந்தா நான் சொல்றனுங்க" என்றார்.

அவர் தலைக்குப் பின்னால் அது அப்போதே தெரிந்தது. முதலில் ஒரு காலிஃபிளவர் அளவு. சௌகுலே, அவர்தான் கூட்டத்துக்குத் தலைவர், வரவு செலவு படித்து முடிப்பதற்குள் அது காலிஃபிளவர் மூட்டை ஆயிற்று. பார்க்கிங் கோடு பற்றிச் சண்டை நடந்தபோது அதன் உச்சி மேலே ஏற இடமில்லாமல் கொல்லன் பட்டறைக் கல் போலத் தட்டையாக விரிந்தது. நாங்கள் இருபது பேரும் பார்த்தோம். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. செக்ரட்டரி விஷயம் இன்னும் வரவில்லையே! சௌகுலே ஒவ்வொரு பக்கத்தையும் எச்சில் தொட்டுத் தொட்டு மெதுவாகப் புரட்டினார்.

தூரத்தில் உறுமியது.

"மிலிட்டரி காலேஜ்ல வெடி வெக்கறாங்க போல" என்றார் ரவிசந்திரன்.

"ஞாயித்துக்கிழமையா?" என்றார் அமலா, மேகத்தையே பார்த்தபடி.

"அவங்களுக்கு ஏதும்மா ஞாயிறு, திங்கள்?" என்று ஆன்ட்டி முந்திக்கொண்டார்.

இங்கே ஒரு விவரம். மேகத்துக்குள் மழை விழத் தொடங்கியதும் அது குளிர்ந்த காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு இறங்கும். தரையில் மோதிய காற்று, தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி நாலாபக்கமும் பரவும். அதனால் காற்று முன்னால் வரும், மழை பின்னால் வரும். நடுவே சில நிமிடம் கிடைக்கும். ஆன்ட்டிக்கு வேண்டியது அந்தச் சில நிமிடம்தான்.

காற்று வந்தது. அனலாக இருந்த மாடி சட்டென்று சில்லிட்டது. புழுதி, பிளாஸ்டிக் பை, யாரோ ஒருவருடைய துண்டு, எல்லாம் பறந்தன. ரவிசந்திரன் கண்ணாடியைக் கழற்றித் திரும்பினார். பாதி வானம் காணவில்லை.

"ஐயோ, சன்ரூஃப்!"

நாற்காலியைத் தள்ளிவிட்டுப் படியில் பாய்ந்தார்.

"சௌகுலே பாவு, அடுத்தது செக்ரட்டரி!" என்றார் ஆன்ட்டி.

அந்த நேரம் பார்த்து ஆபிரகாம் அங்கிள் எழுந்தார். பழக்கதோஷம். "மில்லி, மீட்டர் ரூம் கதவு தொறந்து கெடக்கு. தண்ணி உள்ள போயிரும்."

ஆன்ட்டி அவர் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்தார். "உக்காருங்க. இன்னும் ரெண்டு நிமிசத்துல அது உங்க கதவே இல்ல."

"ஏ, ஃபியூஸ் போயிரும்ட்டீ!"

"போவட்டும். என் குர்டையும்தான் கீழ நனையப்போவுது. நான் எந்திச்சனா?"

சௌகுலே காற்றுக்கு மேலே கத்தினார்: "கோன் நஹீ ஹை?" யார் இல்லை என்று கேட்டார். எல்லோரும் காலி நாற்காலியைக் காட்டினோம். கைகள் எழுந்தன. முதலில் எழுந்த கை அமலாவுடையது. இரண்டாவது என்னுடையது. கைகள் இறங்கவும் முதல் துளி விழவும் சரியாக இருந்தது. துளிகூட இல்லை, ஆலங்கட்டி.

ரவிசந்திரன் சொட்டச் சொட்ட மேலே வந்தபோது நாங்கள் படிக்கட்டு முகப்பில் ஒண்டிக்கொண்டிருந்தோம். ஆன்ட்டி அங்கிளின் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி ரவிசந்திரன் கையில் வைத்தார்.

"இது செல்லாதுங்க! மழையில கூட்டம் நடத்துவாங்களா?"

"தீர்மானம் போட்டப்ப ஒரு சொட்டு விழலையே தம்பி. நீங்கதான் காலையிலயே மழ இல்லன்னு சொன்னீங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். "நீயாவது சொல்லியிருக்கலாமல்லோ?"

"மேக்க கருக்கலியேங்க" என்றார் அமலா.

கீழே ஆன்ட்டியின் குர்டை முழுவதும் மறுபடி கோதுமைக் கூழாகியிருந்தது. அதை வழித்துப் போட்டுக்கொண்டே ஆன்ட்டி பாடினார்.

ரவிசந்திரனைக் குறை சொல்லக்கூடாது. பாடத்தைச் சுத்தமாகக் கற்றுக்கொண்டார். தினமும் நாலு மணிக்கு மாடியேறிக் கிழக்கைப் பார்த்தார். "கிழக்கில் மேகம் இல்லை. துணி காயப்போடலாம். இப்படிக்கு செக்ரட்டரி" என்று குழுவில் போட்டார். மே முடியும்வரை ஒருநாளும் தவறவில்லை.

ஜூன் நடுவில் அங்கிளையும் ஆன்ட்டியையும் கோயம்புத்தூர் ரயிலில் ஏற்றிவிட நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். இடியில்லை, மின்னலில்லை. கடலிலிருந்து அகலமாக வந்த மேகம் மலைகளைத் தாண்டி நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. அங்கிளின் போன் அடித்தது. ரவிசந்திரன். ஆன்ட்டி எடுத்து, "என்ன தம்பி?" என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆன்ட்டி, பார்க்கிங்ல முழங்கால் தண்ணீங்க! மத்தியானம் கிழக்க ஒரு பொட்டு மேகமில்லீங்க. நான் நல்லாப் பாத்தனுங்க!"

"ஜூன் வந்துட்டுல்லா தம்பி. இனிமே மேக்க பாக்கணும்."



"அதத்தானுங்க நான் மொதல்ல இருந்தே சொல்லிட்டிருந்தேன்!"

அங்கிள் கையை நீட்டினார். "குடு மில்லி. சாக்கடை மூடியத் தொறக்குற கம்பி எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிருதேன்."

ஆன்ட்டி போனை அணைத்துக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "டவர் போயிட்டு. மலைக்குள்ள எல்லாம் கெடைக்காது."

ரயில் இன்னும் பிளாட்பாரத்தை விட்டு நகரவே இல்லை.