ஒன்றரை அடி

நான் கிடங்கில் சரக்கு சரிபார்ப்பவள். என் கைப்பையில் சீப்பு இல்லாவிட்டாலும் அளவு நாடா இருக்கும். ஏட்டில் நூறு பெட்டி என்றால் அடுக்கில் நூறு இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

மகளுக்குப் பத்து வயது. அவள் அறை எட்டடிக்கு ஏழடி. கட்டில் போட்டால் மேசைக்கு இடமில்லை, மேசை போட்டால் நடக்க வழியில்லை. ஒரு தச்சரைப் பிடித்தேன். நான்கடி உயரத்தில் கட்டில், அதன் கீழே முழுக்க இழுப்பறைகள், கால்மாட்டில் மேசை. ஓர் அங்குலம்கூட வீணாகக் கூடாது என்று கறாராகச் சொன்னேன்.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் உண்டு. சில மாதங்களாக அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பாள். எனக்குப் பொறுக்குமா? அவள் பள்ளிக்கூடம் போனதும் பையைக் குடைந்தேன், நோட்டுகளைப் புரட்டினேன், மெத்தைக்கு அடியிலும் பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. அறை புதிதாக வந்தால் மனம் இளகிப் பழையபடி என் மடியில் வந்து விழுவாள் என்று நம்பினேன்.

வேலை முடிந்த அன்று அவள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். என்னைப் பார்த்து அல்ல, தச்சரைப் பார்த்து. அப்போதே எனக்கு மூக்கில் வியர்த்தது.

சனிக்கிழமை அவள் விளையாடப் போனபோது போர்வைகளை அடுக்க உட்கார்ந்தேன். மூன்று கொள்ளும் என்று கணக்குப் போட்ட இழுப்பறையில் இரண்டுதான் போயின. நாடாவை எடுத்தேன். கட்டிலின் அகலம் மூன்றரை அடி. இழுப்பறையின் ஆழம் இரண்டடி. ஒன்றரை அடியைக் காணோம்!

கணவரிடம் ஓடினேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"என்னையும் அளந்து பாத்துதான் கட்டிக்கிட்டியா?"

"அளந்திருந்தா கட்டியிருக்கவே மாட்டேன்" என்றேன்.

தச்சருக்குப் போன் போட்டேன்.

"சுவத்துல ஈரம் இருக்கும்மா. காத்து போகட்டும்னு விட்டேன்" என்று மென்று விழுங்கினார்.

யார் காதில் பூ சுற்றுகிறார்? அந்தச் சுவருக்கு மறுபக்கம் எங்கள் கூடம். அங்கே ஈரம் எங்கிருந்து வரும்? பலகையில் கைவைத்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்க மேசைக்கு அடியில் புகுந்து கால்மாட்டுப் பலகையைத் தட்டினேன். அது கதவு மாதிரித் திறந்துகொண்டது.

உள்ளே சுவரை ஒட்டி ஒரு சின்னச் சந்து. தரையில் விரிப்பு, ஒரு தலையணை, பேட்டரி விளக்கு. தச்சர் திருடர் இல்லை. அந்த ஆறுதல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு ஒளித்து வைக்க அப்படி என்ன இருக்கிறது? விரிப்பைப் புரட்டினேன். விளக்கின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தலையணை உறையை உருவி உதறினேன்.

"அங்க எதுவும் வெக்கலம்மா."

பின்னால் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ!

"தச்சர் மாமாவத் திட்டாத. நீ பாக்காத மாதிரி ஒரு எடம் வேணும்னு நான்தான் கேட்டேன்."

"உள்ள உக்காந்து என்னடி பண்ணுவ?"

"சும்மா உக்காந்திருப்பேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. அவசர அவசரமாக உறையை மாட்டப் பார்த்தேன்.

"இது உன் எடம்தான் கண்ணு. அம்மா இனிமே இந்தப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேன்."

மனதாரத்தான் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. குனிந்து விளக்கை வெளியே எடுத்தாள், விரிப்பைச் சுருட்டினாள், பலகையைச் சாத்தினாள்.

"வேணாம்மா" என்றாள். "நீதான் பாத்துட்டியே."