எட்டு கிலோவுக்குள்

"எட்டு கிலோ. அதுக்கு மேல முதுகுல ஏத்திட்டு அப்புறம் வலிக்குதுன்னு என்கிட்ட வராதீங்க" என்று எலும்பு டாக்டர் சொன்னதும், பஸ்காரம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"தண்ணியும் சேர்த்தா டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "நான் உங்களை மலைக்குப் போகச் சொல்லலையேம்மா."

"போகாதேன்னும் சொல்லலையே."

அவர் சிரித்துவிட்டார். "தண்ணியும் சேர்த்துத்தான்" என்றார்.

அவளுக்கு அது போதும். நகரத்திலேயே நீளமான பேருந்தை ஓட்டுகிறவள் அவள். தெருவில் எல்லோருக்கும் அவள் பஸ்காரம்மா. வருடக்கணக்காக ஒரே இருக்கையில் உட்கார்ந்து குலுங்கியதில் முதுகெலும்பில் ஒரு வட்டு பிதுங்கியிருந்தது. வேலை நாளெல்லாம் உட்கார்ந்தே கழிவதாலோ என்னவோ, விடுமுறை கிடைத்தால் நடக்க வேண்டும் அவளுக்கு. அதுவும் காட்டில், கடை கண்ணி இல்லாத இடத்தில். துணைக்கு நாத்தனார். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸ். அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து ஊர் சுற்றுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் வாயைப் பிளந்தார்கள். "இவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டா எனக்கு நிம்மதி. ஒண்ணு சேர்ந்தாதான் பயம்" என்பார் அவள் கணவர்.

வனத்துறை கேட்டில் தொடங்கி மலைமுகட்டோடு போய் ஏரிக்கரையில் முடிகிற நான்கு நாள் பாதை ஒன்று உண்டு. வழியில் கடையும் கிடையாது, வண்டி வரும் ரோடும் கிடையாது. எல்லாவற்றையும் முதுகில் சுமந்துதான் போக வேண்டும். போன வருடம் இருவரும் அதற்குக் கிளம்பினார்கள். முதல் பெரிய ஏற்றத்திலேயே, ஆள் உயர மூட்டைக்கு அடியில், பஸ்காரம்மாவின் முதுகு பிடித்துக்கொண்டது. புரளக்கூட முடியாமல் தரையில் கிடந்தாள். அந்த வழியாக வந்த யாரோ இறங்கிப் போய்ச் சொல்லி, ஸ்ட்ரெச்சர் வந்து சேர மாலையாகிவிட்டது. அதுவரை நாத்தனார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வீடு திரும்பிய பிறகும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் பஸ்காரம்மாவுக்கு வட்டு வலியைவிட அதிகமாக வலித்தது. என்னால் இவள் ஆசையும் மண்ணாகிப்போச்சே என்று நினைத்து நினைத்து மருகினாள்.

ஆகவே இந்த வருடம் போயே தீருவது என்று முடிவு செய்தாள். அதுவும் எட்டு கிலோவுக்குள்.

முதல் வேலையாகப் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை ரம்பத்தால் அறுத்தாள். அறுத்த துண்டைச் சமையலறைத் தராசில் வைத்தாள். தராசு அசையவே இல்லை. அவளுக்கே சிரிப்பு வந்தது. பிறகு வெறும் பையைத் தூக்கி வைத்தாள். ஒரு துரும்புகூட உள்ளே இல்லாத பை இரண்டரை கிலோ காட்டியது. கூடாரம் அதற்கும் மேலே. உள்ளே நுழைந்து தூங்குகிற தூக்கப் பையோ இரண்டு கிலோ. இந்த மூன்றுமே ஏழு கிலோவைத் தாண்டிவிட்டன. இன்னும் சோறு இல்லை, தண்ணீர் இல்லை, மாற்றுத்துணி இல்லை.

"யானையை விட்டுட்டு எறும்பைப் போய் அறுத்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கடைக்குப் போனாள். காற்றுபோல எடையில்லாத பைகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றின் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, சூடு பட்டவள் மாதிரி கையை எடுத்துக்கொண்டாள். பழைய தூக்கப் பைக்குப் பதிலாக ஒரு லேசான ரகத்தை மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு வாங்கினாள். மற்றதற்கு அவள் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே ஆள் இருந்தது. அவள் கணவர் சோபா தைப்பவர்.

"ஏங்க, எனக்கு ஒரு பை தைச்சுக் குடுங்க."

"பையா? நான் சோபா தைக்கிறவன்டி."

"சோபா மட்டும் என்ன? அதுவும் பஞ்சு அடைச்ச பைதானே."

முணுமுணுத்தபடியே துணியை எடுத்தார். தைத்தார். தோள்பட்டைக்குள் விரல் தடிமனுக்கு நுரைப்பஞ்சு, அடியில் தோல் ஒட்டு, ஒவ்வொரு மூட்டுக்கும் நாலு வரிசைத் தையல். யானை உட்கார்ந்தாலும் கிழியாது. பெருமையாகக் கொண்டுவந்து காட்டினார். தராசில் வைத்துப் பார்த்தால் பழைய பைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

"பிரிங்க" என்றாள்.

"எதை?"

"இது மேல யாரும் உக்காரப் போறதில்லைங்க. பிரிங்க."

இரண்டு வேளை அவர் அவளோடு பேசவில்லை. மூன்றாவது வேளை தானாகவே பாராசூட் துணி மாதிரி மெல்லிய நைலானைத் தேடிப் பிடித்து வந்தார். தோல் போயிற்று, நாலு வரிசை ஒன்றாயிற்று, பக்கப் பைகளும் கொக்கிகளும் காணாமல் போயின. முதுகுப் பக்கம் விறைப்புக்குக் கம்பி எதற்கு, படுக்கும் பாயையே மடித்து உள்ளே செருகிவிடலாம் என்றாள் அவள். இடுப்புப் பட்டையில் மட்டும் அவரைக் கத்தரிக்கோல் வைக்க விடவில்லை. பாரம் தோளில் தொங்கினால் அவள் முதுகு தாங்காது, இடுப்பில் இறங்க வேண்டும். கடைசியில் கிடைத்த பையை ஒற்றை விரலில் மாட்டி ஆட்டிப் பார்த்தார் கணவர். "என் செருப்பு இதைவிட கனம்" என்றார். மீந்த துணியில், இருவர் படுக்கிற அளவுக்கு ஒரு மழைத்துணியும் தைத்துக் கொடுத்தார். நடக்கும்போது பிடித்துக்கொள்கிற ஊன்றுகோல்களை நட்டு அதன்மேல் இழுத்துக் கட்டினால் அதுவே கூரை. கூடாரம் பரணுக்குப் போனது.

அதன் பிறகு அவளுக்கு வெறி பிடித்துவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்து வெளியே போட்டாள். தட்டு, துண்டு, பெரிய கத்தி, கடைசியில் குளிர்ச்சட்டையும். ஒத்திகை பார்க்க ஊரோரக் குன்றில் ஒரு நாள் தங்கினாள். விடியும்வரை பல் தந்தியடித்தது. மறுநாள் டிப்போவில் அவள் தும்மிய தும்மலில் நடத்துநர் டிக்கெட் கட்டைக் கீழே போட்டார். வீட்டுக்கு வந்ததும் குளிர்ச்சட்டையைப் பைக்குள் வைத்தாள். மாற்று பேண்ட்டை வெளியே எடுத்தாள்.

புறப்படுவதற்கு முந்தின வாரம் நாத்தனார் தன் மூட்டையோடு வந்தாள். அதில் ஒரு பெட்டி இருந்தது. திறந்தால் பேண்டேஜ் சுருள்கள், மருந்து பாட்டில்கள், கத்தரிகள், ஊசிகள், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி.

"என்னடி இது, வார்டையே பேத்து எடுத்துட்டு வந்துட்டியா?"

"அண்ணி, வேற எதுல வேணா கை வைங்க. இதுல வேண்டாம்."

"நாலு நாளைக்கு ஆறு பேண்டேஜ் எதுக்கு?"

"எதுக்கா?" நாத்தனாரின் குரல் உயர்ந்தது. "போன வருஷம் நீங்க அங்க துடிச்சுக்கிட்டுக் கிடந்தீங்க. என்கிட்ட என்ன இருந்துச்சு? ரெண்டு தலைவலி மாத்திரை. வார்டுல எத்தனை பேரைப் பாக்கறேன்! என் அண்ணிக்குன்னு வந்தப்ப, சும்மா தலையைத் தடவிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

பஸ்காரம்மா தராசை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"என்னால உன் நடையும் போச்சேன்னு நீ கோவமா இருக்கேன்னு நினைச்சேன்."

"கோவமா? பயம் அண்ணி. இன்னும் போகல."

கணவர் மாடிப்படியில் ஏறி வந்தவர், இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்கிப் போனார். பஸ்காரம்மா பெட்டியை நாத்தனார் பக்கமே தள்ளினாள்.

"நான் கை வைக்கல. நீயே எடு. நடுக்காட்டுல உன் ரெண்டு கையால எதைச் செய்ய முடியுமோ, அதுக்கு வேண்டியது மட்டும் இருக்கட்டும். அதுக்கு மேல போனா ஆஸ்பத்திரிதான் வேணும். அதை முதுகுல தூக்க முடியாது."

நாத்தனார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள். கடைசியில் உள்ளங்கை அகலப் பை ஒன்றில் எல்லாம் அடங்கியது: இழுத்துச் சுற்றுகிற பேண்டேஜ் ஒன்று, ஒட்டுநாடா, காயத்துக்கு மருந்து, நல்ல வலி மாத்திரைகள். ஆபத்தில் பொத்தானை அமுக்கினால் மீட்புக் குழுவுக்குத் தகவல் போகிற கருவி ஒன்றை வாடகைக்கு எடுப்பதென்று முடிவானது. அதன் எடையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அடுப்பை விட்டுவிடலாமே என்று பஸ்காரம்மா தொடங்கியபோது மட்டும், "காபி இல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். நானே சுமக்கறேன்" என்று நாத்தனார் முடித்துவிட்டாள்.

ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. உபரியாக ஒரு நாள் சாப்பாடு வேண்டும் என்றாள் நாத்தனார். "நாலு நாள்னா நாலு நாள்தான். ஒரு வேளை பட்டினி கிடந்தா செத்தா போயிடுவோம்?" என்று அதை வெளியே எடுத்தாள் பஸ்காரம்மா. தண்ணீரோடு சேர்த்து அவள் மூட்டை ஏழரை கிலோவில் நின்றது.

நடந்தார்கள். அவள் விழுந்து கிடந்த ஏற்றம் முதல் நாள் பிற்பகலில் வந்தது. தாடையை இறுக்கிக்கொண்டு, பெரிய வண்டியைக் குறுகிய சந்தில் திருப்புகிற கவனத்தோடு, சின்னச் சின்ன அடியாக வைத்து ஏறினாள். முதுகு முனகியது, ஆனால் பிடிக்கவில்லை. உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தபோது, தான் அழுவது அவளுக்கே தெரியவில்லை. "அண்ணி, மூக்கைத் தொடைங்க" என்றாள் நாத்தனார்.

மூன்றாம் நாள் ஓடையைக் கடக்கையில் நாத்தனாரின் கால் பாசிக்கல்லில் வழுக்கியது. கணுக்கால் மடங்கிக்கொண்டது. வலியில் முகம் வெளுத்துப்போனாலும் நர்ஸ் நர்ஸாகவே இருந்தாள். தானே அமுக்கிப் பார்த்தாள், தானே பேண்டேஜை இறுக்கிச் சுற்றினாள், எழுந்து நான்கு அடி நடந்து பார்த்தாள்.

"எலும்பு உடையல. மெதுவா நடப்பேன்."

"பொத்தானை அமுக்கலாமா?"

"உசுருக்கு ஒண்ணுமில்ல. நடக்க முடியாமப் போனா நானே அமுக்கறேன்."

பஸ்காரம்மா அவள் பையை அவிழ்த்துத் தூக்கப் பையையும் அடுப்பையும் எடுத்தாள். நாத்தனார் கையைப் பிடித்துத் தடுத்தாள். "உங்க முதுகு என்னாகும்?"

"மூணு நாள் சாப்பாடு காலியாயிடுச்சு. என் பை இப்ப அஞ்சுதான் இருக்கும். இதையும் போட்டா எட்டைத் தாண்டாது."

"இங்க ஏது தராசு?"

"மாசக்கணக்கா இதைத்தானே தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு இருக்கேன். என் கைக்குத் தெரியும். எழுந்திரு."

ஊன்றுகோல்கள் நான்கையும் ஊன்றிப் பார்த்தாள். உறுதியான இரண்டு நாத்தனாருக்கு, மற்ற இரண்டு தனக்கு. ஆமை நடைதான். நான்காம் நாள் முடிந்தபோதும் ஏரி கண்ணில் படவில்லை. ஐந்தாம் நாள் விடிந்தபோது மிச்சம் இருந்தது ஒரு கைப்பிடி நிலக்கடலையும் காபித்தூளும். கடலையைச் சரிபாதியாகப் பிரித்தாள் பஸ்காரம்மா.

"நீ சொன்னதைக் கேட்டிருக்கணும். சாப்பாட்டுல கை வச்சது என் திமிரு."

"திமிருதான்" என்றாள் நாத்தனார், கடலையை மென்றுகொண்டே. "அடுப்பை விட்டிருந்தா இந்தக் காபியும் இருந்திருக்காது. அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

"சரிடி, அதுவும்தான்."

வயிறு காந்த, ஒருத்திக்குக் கால் இழுக்க, ஒருத்திக்கு முதுகு விறைக்க, காடு முழுக்க இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே நடந்தார்கள். நாத்தனார் நின்றபோதெல்லாம் பஸ்காரம்மா நின்றாள். கிளம்பியபோதெல்லாம் கிளம்பினாள். பிற்பகலில் மரங்களுக்கு நடுவே தண்ணீர் பளபளத்தது.

கரையில் கணவர் வேனுக்கு முன்னால் நின்றிருந்தார். ஒரு நாள் பிந்தினால் காத்திருங்க, அதற்கு மேல் போனால் வனத்துறைக்குச் சொல்லுங்க என்று கிளம்பும்போதே அவள் சொல்லி வைத்திருந்தாள். அந்த ஒரு நாளில் அவர் முகம் பாதியாக வற்றியிருந்தது. தங்கையின் காலைப் பார்த்தார், மனைவியின் முதுகைப் பார்த்தார். யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல், வேன் கதவைத் திறந்து ரொட்டியையும் பழத்தையும் எடுத்துக் கொடுத்தார். அவருக்கென்று வைத்திருந்ததையும் சேர்த்து இருவரும் தின்று தீர்த்தார்கள்.

மறுநாள் காலை பஸ்காரம்மா எழுந்து பால்கனியில் பையை விரித்துக் காயப் போட்டாள். குனிந்து நிமிர்ந்தபோது முதுகு வலித்தது. நிதானமாக நின்று அந்த வலியைச் சோதித்தாள். காலுக்கு இறங்கவில்லை, பிடிக்கவும் இல்லை. தூரம் நடந்து வந்த யாருக்கும் இருக்கக்கூடிய சாதாரண வலிதான். அவள் இன்னொரு முறை குனிந்து, மழைத்துணியை எடுத்து உதறினாள்.