இருபது நிமிடம் நிற்காமல்

ஜீப்பின் முன்பக்கம், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிய செல்போனில் மாரெக்கின் முகம் தெரிந்ததும், பிரபாகர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். மூன்று வருடமாகக் குரல் மட்டும்தான் பழக்கம். ஏற்காட்டில் அன்வரின் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவன் ஆன்லைனில் லாரி ஓட்டுகிற விளையாட்டு ஒன்றை ஆடுவான். ஆறு தேசத்து ஆட்கள் ஆறு லாரிகளை வரிசைகட்டி ஐரோப்பா முழுக்க ஓட்டுவார்கள். சண்டை இல்லை, சுடுவது இல்லை. சரக்கை ஏற்றி இன்னொரு ஊரில் இறக்குவது, வழியெல்லாம் பேசுவது, அவ்வளவுதான். பகலெல்லாம் ஜீப் ஓட்டிவிட்டு இங்கே வந்தும் வண்டியையே ஓட்டுகிறாயே, உனக்கு வேறு கிறுக்கே கிடைக்கவில்லையா என்று அன்வர் கேட்பான்.

அந்த லாரிகளில் இருந்த யாரும் ஆரம்பித்த வேலையில் இல்லை. மணிலாவில் நர்ஸாக இருந்த ஜோயல் இப்போது நியூசிலாந்தில் மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிறான். பிரேசிலில் பேங்க் நாற்காலியில் உட்கார்ந்திருந்த லீனா லிஸ்பனில் முடி வெட்டுகிறாள். மாரெக் போலந்தில் வரலாற்று வாத்தியார். நாற்பது வயதில் சாக்பீஸைப் போட்டுவிட்டு நிஜ லாரியில் ஏறியவர், இன்று ஜெர்மனியில் ஒரு கம்பெனிக்கு டிரைவர்களைத் தேர்ந்தெடுக்கிறார். சட்டை மாற்றுவதுபோல வேலையையும் தேசத்தையும் மாற்றுகிறார்களே என்று பிரபாகருக்கு வயிறு எரியும். அவன் பத்தொன்பது வயதில் பிடித்த ஸ்டீயரிங்கை முப்பத்தொன்றிலும் விடவில்லை. சொந்த ஊரான செம்மநத்தத்திலிருந்து ஏற்காடு, ஏற்காட்டிலிருந்து செம்மநத்தம். இன்னொரு ஜீப் ஓட்டிய ராஜ்குமார் திருப்பூருக்குப் போனபிறகு, ஊருக்கென்று இருப்பது இவன் ஒருவன்தான். காய்ச்சல் என்று படுத்தால்கூட ஏழரை மணிக்கு யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். மூச்சு முட்டுகிறது என்று அவன் இதுவரை ஒரே ஒருவரிடம்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். அது மாரெக்.

"ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிறாய். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மாரெக் சொல்லியிருந்தார். டிரைவர் தேர்வின் முதல் சுற்றுக்கு விதிகள் மூன்று. இருபது நிமிடம் நிற்காமல் ஓட்ட வேண்டும். தேவையில்லாமல் ஹாரன் அடிக்கக் கூடாது. வண்டியில் வேறு யாரும் இருக்கக் கூடாது. போனில் பதிவாவதை மாரெக் இன்று மாலைக்குள் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும்.

ட்ரிப் இல்லாத புதன்கிழமை பதினோரு மணியைப் பிரபாகர் தேர்ந்தெடுத்தான். வீட்டிலும் சொல்லவில்லை, ஊரிலும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கொரு யோசனை சொல்லியே காரியத்தைக் கெடுத்துவிடுவார்கள் என்று நினைத்தான். அவன் செய்த தப்பு அதுதான்.

தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் மூன்று பேர் நின்றிருந்தார்கள். பட்டர் ஃப்ரூட் கூடையோடு அத்தாயி, இடுப்பில் குழந்தையோடு கலா, தோளில் துண்டோடு வெங்கடாசலம். எதிர்பாராமல் காலி ஜீப்பைக் கண்ட சந்தோஷத்தில் மூன்று கையும் ஒன்றாக உயர்ந்தன. செம்மநத்தம் ரோட்டில் கை காட்டியவரை விட்டுவிட்டுப் போன ஜீப் கிடையாது. பிரபாகர் பல்லைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்து ஓட்டினான். கண்ணாடியில் அவர்கள் சிறிதாவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அவர்களுக்குக் கோபம் வந்திருந்தால் தப்பித்திருப்பான். பிரபாகர் நிறுத்தாமல் போகிற ஆளா? அப்படியானால் வண்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. காப்பித் தோட்டத்துக்குள் குறுக்குப் பாதையில் விழுந்து எழுந்து ஓடி, ஜீப் திணறிக்கொண்டு ஏறுகிற மேட்டு வளைவில் அவனுக்கு முன்னால் வந்து சேர்ந்தார்கள். வெங்கடாசலம் ஒரு பெரிய கல்லைத் தூக்கி முன்டயருக்கு அடியில் போட்டார். ஜீப் ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது.

"பிரேக்கு புடிக்கலைன்னா ஒரு சத்தங் குடுக்கறதில்லயா சாமி? உசுரே போயிருச்சு" என்று அத்தாயி ஜன்னல் வழியாகக் கைவிட்டு அவன் தலையைத் தடவினாள். கலா அதற்குள் பின்பக்கம் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "புள்ளைக்கு நொம்ப இருமலுங்கண்ணா. பன்னண்டுக்கெல்லாம் டாக்டரு போயிருவாரு."

"உனக்கு ஏதாவது ஆபத்தா?" என்று போனுக்குள்ளிருந்து மாரெக் பதறினார்.

"இல்லை சார். என் ஊர்க்காரர்கள்" என்றான் பிரபாகர் ஆங்கிலத்தில். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

ஆரம்பித்த இடத்திலிருந்து இன்னொரு தடவை ஓட்டு, இதற்குமேல் கம்பெனியிடம் என்னால் வாய்ப்புக் கேட்க முடியாது என்றார் மாரெக்.

"ஆருங்க அந்த வெள்ளக்காரரு?" என்றார் வெங்கடாசலம்.

பிரபாகர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஜெர்மனியில லாரி வேலைங்க மாமா. அதுக்கு டெஸ்ட்டு. ஆரையும் ஏத்தக்கூடாது, எங்கயும் நிக்கக்கூடாது."

பின்னால் குழந்தை இருமியது. அத்தாயி வண்டியில் ஏற்றப் போன கூடையை மறுபடி கீழே வைத்தாள்.

"நீ போயிட்டா ஜீப்ப ஆரு கண்ணு ஓட்டுவாங்க?"

கேட்ட வேகத்திலேயே அத்தாயி பின்பக்கம் திரும்பினாள். "எறங்கு கலா" என்றாள். டாக்டர் போய்விடுவார் என்று கலா மறுபடி சொல்லவில்லை. இறங்கி, குழந்தையின் நெஞ்சில் சேலைத் தலைப்பைச் சுற்றினாள். வெங்கடாசலம் கல்லை உருட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, வண்டி பின்னால் இறங்க வழி காட்டினார். திட்டியிருக்கலாம் என்று பிரபாகருக்குத் தோன்றியது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவன் ஜெர்மனி வரைக்கும் போயிருப்பான்.

தண்ணீர்த் தொட்டியிலிருந்து மறுபடி கிளப்பினான். மணி பதினொன்று நாற்பது. கியர் ஒவ்வொன்றும் வெண்ணெயாக விழுந்தது. எந்த வளைவிலும் கை ஹாரனுக்குப் போகவில்லை. "அருமை, இப்படியே போ" என்றார் மாரெக்.

மேட்டு வளைவில் ரோடு காலியாக இருந்தது. ஏற்காட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்களா? அவ்வளவு தூரம் போயிருக்க முடியாது. முதல் கியரில் ஏறும்போதுதான் காப்பிச் செடிகளுக்குப் பின்னால் அத்தாயியின் மஞ்சள் சேலையைப் பார்த்தான். மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். தங்களைப் பார்த்தால் அவன் நிறுத்திவிடுவான் என்று ஒளிந்திருந்தார்கள்.

அவன் கால் பிரேக்குக்கு மேலே வந்து நின்றது.

குழந்தை மட்டும் ஜீப்பைக் கண்டதும் செடிக்கு மேலாகக் கையைத் தூக்கியது. கலா அந்தக் கையைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கினாள்.